மூன்றாம் நாள் கணக்கு

நாகப்பட்டினத்தில் ஏறி வேதாரண்யம் போகிற பேருந்தில் ஐப்பசி மாதம் உட்கார்ந்தால் காதில் விழுவது பெரும்பாலும் வானிலைதான். "மண்டலம் ஆயிடுச்சாம்", "ஆந்திரா பக்கம் திரும்பிடுமாம்" என்று நடத்துநரும் கருவாட்டுக் கூடைக்காரம்மாவும் பேசிக்கொள்வதைக் கேட்டால் வானிலை மைய ரமணன் காலத்துத் தொலைக்காட்சிச் செய்தி நினைவுக்கு வரும். இந்தக் கரையில் வயதைப் புயலை வைத்துச் சொல்வார்கள். 1952 புயலில் பிறந்தவர், 1977 புயலுக்குப் பிறகு கல்யாணம் ஆனவர், சுனாமி வருஷத்துப் பிள்ளை, கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்தவர். வங்கக் கடல் சும்மா விட்ட தலைமுறை என்று ஒன்று இங்கே கிடையாது.

பருவமழை முழுசாக இறங்குவதற்கு முன்னால், இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகள் ஓர் அவசரத்துக்கு எந்த அளவுக்குத் தயார் என்று கண்ணால் பார்த்து வரலாம் என்றுதான் கிளம்பினேன். துணைக்கு வந்தவர் காவிரி டெல்டாவிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். எந்த ஊரில் இறங்கினாலும் யாராவது ஒருவர் "இன்ஸ்பெக்டர் சார்" என்று வந்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் மருத்துவமனைகளின் பேரிடர்ப் பாதுகாப்பை அளக்க ஒரு குறியீடு வைத்திருக்கிறது. கட்டடத்தின் தூணிலிருந்து ஆக்சிஜன் குழாய் வரை நூற்றைம்பது விஷயங்களையொட்டிக் கேள்வி கேட்கிற படிவம் அது. அதை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். சார் நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல படிவம்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆகும். இங்க நீங்க இதை நிரப்பி முடிக்கிறதுக்குள்ள புயல் கரையைக் கடந்துடும். மூணு கேள்வி கேளுங்க, போதும். ஜெனரேட்டர் எங்க நிக்குது? டீசல் யாரு வாங்குவா? மூணாம் நாள் என்ன பண்ணுவீங்க?"

முதல் இரண்டும் உடனே புரிந்தன. மூன்றாவதை விளக்கச் சொன்னால், "பாத்துக்கிட்டே வாங்க" என்றார்.

வேளாங்கண்ணியைத் தாண்டி, சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் வேப்பமரம், சுவரில் பிரசவத் தேதி எழுதிய பலகை, மருந்து வாங்க நிற்கிற வரிசை என்று தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கிற அமைப்புதான். ஜெனரேட்டர் பின்பக்கம் இருந்தது, முழங்கால் உயரச் சிமெண்ட் மேடையின் மேல். "பரவால்லையே" என்று சார் மேடையைத் தட்டிப் பார்த்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் உயிரிழந்த கதை ஊரறிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்த மருத்துவமனையையும் ஒரு தப்பான தளம் கவிழ்த்துவிடும். இங்கே அந்த மேடைக்குச் சில மூட்டை சிமெண்டுதான் ஆகியிருக்கும்.

"போடச் சொல்லுங்க, பாப்போம்."

காவலர் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இன்னொரு முறை திருப்பினார், அதே 'டக்'. பேட்டரி இறங்கியிருந்தது. மின்வெட்டு குறைந்துபோனதால் ஜெனரேட்டரைத் தொட்டே மாதக்கணக்காகிவிட்டதாம். கரண்ட் ஒழுங்காக வருவதாலும் இப்படி ஒரு கெடுதல் உண்டு. கடைசியில் வாசலில் நின்ற ஜீப்பின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பினார்கள். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு அது உறுமியபோது பிரசவ அறையில் இருந்த நர்ஸம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் இளம்பெண், இரண்டு வருஷ சர்வீஸ் இருக்கும். எங்கள் முன்னாலேயே நோட்டில் எழுதிவைத்தார்: திங்கட்கிழமை தோறும் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டீசல் கதை இன்னும் நீளம். மணிக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும் என்கிறார் காவலர். கையிருப்பு இருபது லிட்டர் கேன் ஒன்று. அது ஒரு ராத்திரிக்குக்கூடக் காணாது. நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து பில் வைத்து வாங்கலாம். ஆனால் பில் பாஸாகி வரும்வரை யாராவது கைக்காசு போட வேண்டும், அந்த யாராவது இங்கே பார்மசிஸ்ட். அதைவிட முக்கியமான ஒன்றைச் சார்தான் சொன்னார். கரண்ட் போனால் பங்கிலும் டீசல் இறைக்க முடியாது. புயல் அடித்த மறுநாள் கையில் பணமிருந்தும் கேனோடு ஊர் ஊராக அலைந்தவர்கள் உண்டு. ஆகவே டீசலைப் புயலுக்கு முந்தின நாளே வாங்கி வைத்திருக்க வேண்டும். முந்தின நாளோ, இன்னும் அவசரம் வந்ததாகக் கணக்கில் ஏறாத நாள். அன்றைக்குச் செலவழிக்க விதி எழுதுவதில்தான் எல்லா அரசாங்கத்துக்கும் கை நடுங்குகிறது.

கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை பக்கம் போனபோது சார் அதிகம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. தமிழ்நாட்டின் மொத்த இழப்பில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்தில்தான். அடுத்த நாளே சார் இங்கே வந்திருக்கிறார், தோளில் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு.

"அப்ப எல்லாருக்கும் ஒரே பயம், காலரா வரும்னு. பத்திரிகைக்காரங்க, வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. பொணம் கெடக்குதே, நோய் பரவாதான்னு. பொணத்தால காலரா வராது சார். உசுரோட இருக்கிறவன் குடிக்கிற தண்ணியாலதான் வரும்."

வரவில்லை. லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்து முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தும் பெருந்தொற்று எதுவும் தலைதூக்கவில்லை. இது அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல. மற்ற மாவட்டங்களிலிருந்து சுகாதாரப் பணியாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் அணி அணியாக வந்து இறங்கினார்கள். கிணறு, தொட்டி, லாரித் தண்ணீர் எல்லாவற்றுக்கும் குளோரின் போட்டார்கள். முகாமில் இருந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். இந்த ஆட்களை அரசு அன்றைக்குத் தேடிப்பிடிக்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். பொது சுகாதாரத்துக்கென்று 1939-லேயே சட்டம் இயற்றிய மாகாணம் இது. மருத்துவமனையில் நோயாளி பார்க்காமல், தண்ணீர், கொசு, கழிவு, தடுப்பூசி என்றே சர்வீஸைக் கழிக்கிற டாக்டர்களுக்குத் தனி இயக்குநரகம் வைத்திருக்கிற மாநிலம். பல மாநிலங்களில் அப்படி ஒரு தனி அணி இல்லை. சுனாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் கடலைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்த இயக்குநரகத்தைப் பற்றி எழுதவில்லை என்பது என் மனக்குறை.

சாரின் தோள்பையில் குளோரின் அளக்கிற குளோரோஸ்கோப் இப்போதும் இருக்கிறது. ஓய்வுபெற்றவருக்கு எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார். மீனவர் குடியிருப்பின் கடைசித் தெருவில், கடைசிக் குழாயைத் திறந்து சிறு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்தார். அதில் மருந்து சில சொட்டு. தண்ணீர் மஞ்சளாக மாற வேண்டும், எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். முதல் வீட்டில் பார்த்துப் பிரயோஜனமில்லை, தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் மஞ்சள்தான். கடைசி வீட்டில் 0.2 பி.பி.எம். மிச்சம் நின்றால்தான் வழியில் சாக்கடை கலக்கவில்லை என்று அர்த்தம். அன்று அந்தக் குழலில் எலுமிச்சை நிறத்தின் சாயல் தெரிந்தது, மங்கலாக. "நிக்குது, ஆனா கம்மி. பவுடர் பழசா இருக்கும்" என்றார். பிளீச்சிங் பவுடர் ஈரக்காற்றில் வீரியம் இழந்துவிடும். ஆயிரம் லிட்டருக்கு நாலைந்து கிராம் என்ற அளவு புது மூட்டைக்குச் சரி. கடற்கரையில் வாய் திறந்து கிடந்த மூட்டைக்கு அந்த அளவு செல்லாது. கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்கிற படிவங்களில் மூட்டை எப்போது பிரித்தது என்ற கேள்வியை நான் பார்க்கவில்லை.

சுனாமிக்கு ஐந்து மாதம் முன்னால், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அன்று தஞ்சை ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன்தான் சுனாமிக்குப் பின் நாகைக்கு ஆட்சியராக வந்தார். பிறகு பல ஆண்டுகள் மாநில சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்தார். 2018 நவம்பரில் கஜா வந்தபோதும் அந்த நாற்காலியில் அவர்தான். தீப்புண் குழந்தைகளையும் சுனாமி முகாம்களையும் நேரில் பார்த்த ஒருவர் தலைமைச் செயலகத்தில் இருந்தது இந்தக் கரைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஆனால் ஆளோடு வருகிற அனுபவம் ஆளோடு மாற்றலாகியும் போகும். அது ஏட்டில் தங்கியிருக்கிறதா என்பதுதான் நான் பார்க்க வந்தது.

தங்கியிருக்கிறது, ஓர் இடத்தில் மிக நன்றாகவே. வேதாரண்யத்துக்கு வடக்கே கடலோரக் கிராமம் ஒன்றில் துணை சுகாதார நிலையம். இரண்டே அறை. அங்கிருந்த கிராம சுகாதார செவிலியர், ஊருக்கு நர்ஸம்மா, மேசை இழுப்பறையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்தார். தன் எல்லைக்குள் இருக்கிற கர்ப்பிணிகள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்: பெயர், எத்தனையாவது பிரசவம், எதிர்பார்க்கும் தேதி, ரத்தத்தின் அளவு, புருஷன் நம்பர், மாமியார் நம்பர். கணினியிலும் இதே விவரம் ஏறிவிடுகிறது. ஆனால் டவர் விழுந்துவிட்டால் கணினி எதற்கு என்று கையாலும் எழுதி வைத்திருக்கிறார். சிவப்பு மையில் வட்டமிட்ட பெயர்கள் அடுத்த இரண்டு வாரத்துக்குள் தேதி உள்ளவர்கள்.

"எச்சரிக்கை வந்த உடனே சிவப்பு வட்டம் எல்லாரையும் ஜி.எச்.சுக்கு அனுப்பிடுவோம் சார். வலி வரட்டும்னு காத்திருக்க மாட்டோம்."

"வர மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லுவாங்க. வீட்டுல ஆடு இருக்கு, மாமனாருக்குச் சோறு பொங்கணும்னு. மாமியார்கிட்டதான் பேசணும். பொண்ணுகிட்டப் பேசி ஆகாது."

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. அதற்கு முன்பே ஏறத்தாழ 80,000 பேரைத் தாழ்வான இடங்களிலிருந்து முகாம்களுக்கு நகர்த்தியிருந்தார்கள். பிரசவத் தேதி நெருங்கியவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி விடுவதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாக வழக்கத்தில் வந்துவிட்டது. இதைத் திட்ட அறிக்கையில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நோட்டில் மாமியார் நம்பர் தனிக் கட்டமாக இருப்பதைப் பார்த்தபோதுதான், இது வேலை செய்கிற ஏற்பாடு என்று நம்பிக்கை வந்தது.

பேரிடர் ஒத்திகைகளின் மேல் எனக்கு அந்த நம்பிக்கை வந்ததில்லை. ஒத்திகை எப்போதும் வேலை நாளில், காலை பத்து மணிக்கு மேல், நல்ல வெயிலில்தான் நடக்கும். போன் எல்லாம் வேலை செய்யும். தலையில் கட்டுப் போட்ட கல்லூரி மாணவர் ஸ்ட்ரெச்சரில் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார், மறுநாள் மாவட்டச் செய்தியில் படம் வரும். ஒரே ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்கு, மெயினை அணைத்துவிட்டு நடத்திப் பார்க்கலாம். யாருக்கும் அடிபடாமலே நிறைய தெரிய வரும்.

வேதாரண்யம் அரசு மருத்துவமனையின் பக்கத்தில் டீக்கடை. 108 வண்டி ஒன்று நின்றது. தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஓட்டுநரைப் பைலட் என்றும் கூட வருகிற மருத்துவ உதவியாளரை இ.எம்.டி. என்றும் சொல்வார்கள். பைலட் எங்களுக்கு வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆக்சிஜன் சிலிண்டர், பிரசவ உபகரணப் பை, கழுத்துப் பட்டை எல்லாம் வரிசையில் இருந்தன. இருக்கைக்கு அடியில் ஓர் அரிவாளும் சுருட்டிய கயிறும் கிடந்தன.

"இது ஸ்டாக் லிஸ்ட்ல கெடையாது சார். கஜாவுக்கு அப்புறம் நானா வச்சுக்கிட்டது. அன்னைக்கு ரோட்டுல மரம் விழாத எடமே இல்ல. வண்டி இருக்கு, டீசல் இருக்கு, பேஷண்ட் அந்தப் பக்கம் இருக்காரு. நடுவுல புளியமரம்."

கஜாவில் மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. உள்கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் படுத்த காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட நாளில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்தில் வந்தது என்ற கணக்குக்கு அர்த்தமில்லை. மரம் அறுக்கும் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்தவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது மருத்துவத் தகவலாகிவிடுகிறது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் என்கிறது. அருமையான திட்டம். ஆனால் ஆள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது பயன் தரும்.

ஜி.எச்.சின் அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பொருளைப் பார்த்தேன், அதைச் சொல்லாமல் போக மனமில்லை. கண்ணாடிச் சோதனைக் குழாய், விரல் நீளம். பாம்பு கடித்தவர் வந்தால் அவர் ரத்தத்தில் சிறிது எடுத்து, சுத்தமான, உலர்ந்த இந்தக் குழாயில் விட்டு இருபது நிமிஷம் அசைக்காமல் நிறுத்துகிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் உறைந்திருந்தால், ரத்தத்தைப் பொறுத்தவரை அப்போதைக்குச் சரி. தண்ணீராக ஓடினால் விரியன் கடி, உடனே விஷமுறிவு மருந்து. ஆய்வகம் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கைக்கடிகாரம் போதும். குழாய் பிளாஸ்டிக்கில் இருந்தால் மட்டும் கணக்குத் தப்பிவிடும், அதில் நல்ல ரத்தமே சரியாக உறையாது. வெள்ளம் வந்தால் வளையை விட்டுப் பாம்பு மேட்டுக்கு வரும், மனிதனும் மேட்டுக்கு வருவான். இடிந்த கூரையை எடுக்கக் கை நீட்டும்போது கடி விழும். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு அறிவித்தது. எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் மருந்துக் குப்பி எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியும். மருந்து வாங்கி அனுப்புவதில் மாநிலத்துக்குப் பழுத்த அனுபவம் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கு மாவட்டந்தோறும் உண்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வங்கிப் புத்தகம் போலப் பாஸ்புக் வைத்து அதில் கழித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சாரின் மூன்றாவது கேள்வியை நானே எடுத்தேன். பிரசவத்துக்கு நோட்டு, தண்ணீருக்குக் குளோரோஸ்கோப், கடிக்குக் கண்ணாடிக் குழாய் என்று இருக்கிறதே, மூன்றாம் நாள் என்ன குறை?

பதிலுக்கு என்னைக் கோடியக்காடு சாலையில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் உப்பளம். 1930-இல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த அகத்தியம்பள்ளி இதே பக்கம்தான், நினைவுத்தூண் இருக்கிறது. மழைக்காலத்தில் பாத்திகளில் உப்பு இல்லை, வானம்தான் கிடக்கிறது. அந்த வீட்டில் ஒரு பாட்டி, உப்பளத்தில் வேலை பார்த்தவர். காலில் ஒரு விரல் இல்லை. சர்க்கரை.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்று பாயைத் தட்டிப் போட்டார். ஊசி எங்கே வைத்திருக்கிறீர்கள் பாட்டி என்று சார் கேட்டதும் அடுப்பங்கரையிலிருந்து ஒரு மண்பானையைக் கொண்டுவந்தார். பானைக்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவில் இன்சுலின் குப்பி. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிக்கொடுத்த முறை. மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் வெளியைவிடக் குளிர்ச்சியாக நிற்கும். பிரித்த குப்பி சாதாரண அறைச் சூட்டில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும் என்கிறது மருத்துவம். ஆகவே பானையே போதும், பாட்டிக்குக் கஜாவிலும் மருந்து கெடவில்லை.

கெட்டது வேறு. முகாமில் மூன்று வேளையும் சோறு போட்டார்கள். பாட்டி ஊசிப் பானையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று. வீட்டுக்கு மேல் மரம். முதல் நாள் காயம்பட்டவர்களைப் பார்த்த மருத்துவக் குழு, இரண்டாம் நாள் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் கேட்டது. சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, பாட்டியும் சொல்லவில்லை. "எல்லாரும் வூடு போயி அழுவுறாங்க, நான் போயி எனக்கு ஊசி போடுங்கன்னு நிக்கிறதா?" முகாமை விட்டுச் சேற்றில் நடந்து வீட்டுக்குப் போனதில் காலில் எதுவோ குத்தியது. விரல் போனது அப்படித்தான்.

புயல் முதல் நாள் மரத்தையும் சுவரையும் தள்ளிக் கொல்கிறது. அப்படி இறந்தவர்களை எல்லோரும் எண்ணுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து அது மாத்திரை தவறியவரை, டயாலிசிஸ் தவறியவரை, நெபுலைசருக்குக் கரண்ட் கிடைக்காதவரைப் பிடிக்கிறது. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கியபோது அரசு சொன்ன இறப்புக் கணக்கு 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அடுத்த பிப்ரவரி வரைக்கும் இறந்தவர்களை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு எண்ணி, 2,975 என்றது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. நடுவில் விழுந்த அந்த ஆயிரக்கணக்கானவர்கள்தான் சாரின் மூன்றாவது கேள்வி. நம் ஊரில் டயாலிசிஸ் தவறி ஒன்பதாம் நாள் இறந்தவர் எந்தப் புயலின் கணக்கில் வருவார்? மூச்சுத்திணறல் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் இந்த நோயாளிகளின் பட்டியல் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்காரர், ரத்தக் கொதிப்புக்காரர் வீட்டுக்கே மாத்திரை போகிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் பையில் மீட்டரோடு தெருத் தெருவாக நடக்கிறார். பாட்டியின் வீட்டுக்கு அவர் வருவார். இந்த வீட்டில் ஊசி போடுகிறவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும், அரசுக்கும் தெரியும். புயல் வருகிறது என்றதும் நர்ஸம்மாவின் சிவப்பு வட்டம் விழித்துக்கொள்வதுபோல இந்தப் பட்டியல் விழித்துக்கொள்வதில்லை. அதே தன்னார்வலர், எச்சரிக்கை வந்த நாளில் ஒரு சுற்று வந்து, "மாத்திரைச் சீட்டையும் மருந்தையும் பாலிதீன் பையில் கட்டி இடுப்பில் செருகிக்கிட்டு முகாமுக்குப் போங்க" என்று சொன்னாலே பாதிக் காரியம் ஆகும். ஜப்பானில் சாதாரண ஆட்களும் தங்கள் மருந்துகளைக் குறித்த சிறு நோட்டு வைத்திருப்பார்கள். 2011 சுனாமியில் மருந்துக் கடையும் கோப்புகளும் அடித்துப்போன ஊர்களில், டாக்டர்களுக்கு அந்த நோட்டு பெரிய உதவியாக இருந்தது.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகத் திரும்பினோம். அலையாத்திக் காடு வலுவாகத்தான் நிற்கிறது. வழியில் பேச்சு நாகைக்குப் புதிதாக வந்த மருத்துவக் கல்லூரியின் பக்கம் போனது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் அதுவும் ஒன்று, ஊருக்கு வெளியே ஒரத்தூரில் இருக்கிறது. பஸ் பிடித்துப் போக வேண்டியிருக்கிறது என்று நகரத்துக்காரர்களுக்கு மனத்தாங்கல். அவர்கள் சொல்வதும் நியாயம். கடலுக்கு முதுகைக் காட்டித் தள்ளி நிற்பது பேரிடருக்கு நல்லது என்பதும் நியாயம். முன்பெல்லாம் பெரிய அடி என்றால் வேதாரண்யத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தஞ்சாவூருக்குத்தான் ஓட வேண்டும். 2010-இல் திருவாரூரும் இப்போது நாகையும் வந்ததில் அந்த ஓட்டம் குறைந்திருக்கிறது.

கடைசியாகப் போனது பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு. குளிர்சாதன அறை, வரிசையாக இயந்திரங்கள், போர்வைக்குள் மனிதர்கள். ஒருவருக்கு நாலு மணி நேரம், வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் சுத்திகரித்த தண்ணீர் நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே ஜெனரேட்டர் ஓடினாலும் தொட்டி வறண்டால் இயந்திரம் நின்றுவிடும். டெக்னீஷியன் முப்பது வயது இளைஞர். சுவரில் முறைப் பட்டியல் ஒட்டியிருந்தார், யாருக்கு எந்தக் கிழமை, என்ன நம்பர், எந்த ஊர் என்று. நான் மூன்றாம் கேள்வியைக் கேட்கவே இல்லை, அவரே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை புயல்னு புதன்கிழமையே டிவியில சொல்லிடுறாங்க. வெள்ளி, சனி முறை இருக்கிறவங்களை வியாழனே வரச்சொல்லி முடிச்சு அனுப்பிடுவேன். அப்புறம் ரெண்டு மூணு நாள் தாங்கும். தண்ணி மட்டும் அளந்து குடிக்கணும், வாழைப்பழம், எளநி தொடக்கூடாதுன்னு சொல்லி விடுவேன்."

2012-இல் சாண்டி புயல் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வந்தபோது இதைத்தான் செய்தார்கள். முன்கூட்டியே டயாலிசிஸ் முடித்துக்கொண்டவர்களில் இறப்பும் அவசர சேர்க்கையும் குறைந்ததாகப் பின்னர் ஆய்வு சொன்னது. இந்த இளைஞர் அந்த ஆய்வைப் படித்தவர் இல்லை.

"இதுக்கு உத்தரவு ஏதும் இருக்கா தம்பி?" என்றார் சார்.

"இல்ல சார். சூப்பிரண்டண்ட் டாக்டர்கிட்ட வாயால சொல்லிடுவேன், அவரும் சரிம்பாரு. ஷிப்ட் ராத்திரி வரைக்கும் இழுக்கும், அதான். ஆனா அவங்களுக்குத்தான் கஷ்டம். ஒரு வாரத்துல ரெண்டு தடவ வந்துபோற எடத்துல மூணு தடவ ஆயிடும். பஸ்காசு, கூட வர்றவங்களோட அன்னைக்குக் கூலி. 'கார் வச்சுக்கிட்டு வாங்க'ன்னு நான் சொல்லிட முடியாதுல்ல."

"நீ லீவுல போயிட்டா?"

அவர் சுவரைக் காட்டினார். பட்டியலின் அடியில், 'புயல் என்றால்' என்று தொடங்கி பால்பாயிண்ட் பேனாவில் நாலு வரி எழுதியிருந்தது. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் படித்தார். பிறகு பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டி, நம்பர் இல்லாத மூன்று பெயர்களில் நிறுத்தி, இவர்களுக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டார். ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் ரேஷன் கடை உண்டு, அந்தக் கடைக்காரர் நம்பரை வாங்கிவிடலாம் என்றார் டெக்னீஷியன். மற்ற இருவரின் ஊர்ப் பெயரைச் சார் தன் டைரியில் குறித்துக்கொண்டார். அந்த ஊர் நர்ஸம்மா யார் என்று தனக்குத் தெரியும் என்றார்.